லிப்டுக்கு விட்ட ஏழடி

மீஞ்சூரில் என் தங்கை குடியிருந்த வாடகை வீடு முதல் மாடியில் இருந்தது. பதினெட்டுப் படிகள். பத்தாவது படியில் ஒரு திருப்பம். அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அவள் கணவர் நாற்காலியின் முன்னங்கால்களையும் பக்கத்து வீட்டுக்காரர் முதுகுப் பக்கத்தையும் பிடித்து இறக்குவார்கள். அந்தத் திருப்பத்தில் நாற்காலியைச் சாய்த்தால்தான் திரும்பும். பக்கத்து வீட்டுக்காரர் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவர். எந்த வாரம் அவருக்கு எந்த ஷிப்ட் என்று என் தங்கைக்கு மனப்பாடம். அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டுமே அவளால் தரையைத் தொட முடியும்.

விபத்துக்கு முன்னால் பத்து வருஷம் அவள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தாள். அங்கே கேஜ் என்று ஒரு கருவி உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் அப்படியே இருந்தால் சரி, இல்லாவிட்டால் ரிஜெக்ட். ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான துளைகளை அப்படிப் பார்த்தவள். கம்பெனி வேன் மேல் லாரி மோதியதில் முதுகுத்தண்டு போனது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கைகளும் கண்ணும் பழையபடியே இருந்தன. இரண்டு வருஷம் அவள் ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் கீழே இறங்கவில்லை. யார் கூப்பிட்டாலும், "ரெண்டு பேரு வேணும், வுடு" என்பாள்.

ஒரு புரட்டாசி மாதப் பகலில் அவளிடமிருந்து போன் வந்தது. நான் அப்போது பத்திரிகை அலுவலகத்தில் மாவட்டப் பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, கம்பெனில கூப்புட்டாங்க. ஆபீஸ்ல ரெக்கார்டு பாக்கற வேலை. சேர்ல உக்காந்துக்கினே பாக்கலாம். பலகை போட்டு ஏத்தற வேன் அனுப்பறாங்களாம்."

"நல்லதுதானே."

"காலைல ஆறு அம்பதுக்குக் கேட்டாண்ட நிக்கணும். நிக்கலன்னா வேன் போய்க்கினே இருக்கும். தை மாசம் முடியற வரைக்கும்தான் அந்த சீட்டு காலியா இருக்குமாம்."

அவள் குரலில் அந்த வேகத்தை நான் இரண்டு வருஷமாகக் கேட்டிருக்கவில்லை. கையில் இருந்த பக்கத்தை அப்படியே வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

அவள் மாமனாருக்குக் கடம்பத்தூரில் நெல் வயல். புதுவாயலில் அவர் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனையில் அப்போதுதான் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையை விடத் தாழ்ந்த மனை. கார்த்திகை மழையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அதனால் கீழே வெறும் தூண்கள், வண்டி நிறுத்த. முதல் மாடி தங்கைக்கும் அவள் கணவருக்கும். இரண்டாம் மாடி மாமனார் மாமியாருக்கு. தரையிலிருந்து முதல் மாடிக்கு ஒன்பது அடி உயரம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவதென்றால் ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்பதுக்கு நூற்றெட்டு. மனையின் நீளமே அறுபது அடிதான். ஆகவே லிப்ட். வரைபடம் போட்ட பொறியாளர் அதற்காக ஏழடி அகலமும் ஆறடி ஆழமும் கொண்ட ஒரு பாதையை மேலிருந்து கீழ்வரை விட்டிருந்தார். அதற்குள் எந்த லிப்ட் வரும் என்பதை யாரும் முடிவு செய்யவில்லை.

"நான் முடிவு பண்றேன்" என்றாள் தங்கை. "ஆனா பாக்காம பண்ண மாட்டேன். ஞாயித்துக்கிழமை வா. போய்ப் பாத்துக்கினு வரலாம்."

அப்படித்தான் நாங்கள் லிப்ட் பார்க்கக் கிளம்பினோம். கோயில் குளம் பார்க்கப் போவார்கள், பெண் பார்க்கப் போவார்கள். நாங்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் லிப்ட் பார்த்தோம். அவள் கணவர், எனக்கு மச்சான், குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். பின்பக்கத்தில் சக்கர நாற்காலியைக் கயிற்றால் கட்டி அதில் அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன். அவள் மடியில் டேப்பும், அட்டைப் பெட்டியைக் கிழித்துச் செய்த ஒரு செவ்வகமும் இருந்தன. இருபத்தேழு அங்குலம் அகலம், நாற்பத்து மூன்று அங்குலம் நீளம். அவளும் நாற்காலியும் சேர்ந்து அடைக்கும் இடம் அவ்வளவு.

"கேஜ்" என்றாள். "போனா சரி. போவாதுன்னா ரிஜெக்ட்."

முதலில் ஓர் அரசு மருத்துவமனை. அங்கே இருந்தது படுக்கை லிப்ட். கட்டிலோடு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு ஆழம். உள்ளே ஸ்டூலில் லிப்டை இயக்குகிறவர் உட்கார்ந்திருந்தார். தங்கை அட்டையை எடுக்கவே இல்லை. நாற்காலியை உள்ளே விட்டு, ஒரு முழு வட்டம் சுற்றி, மறுபடி கதவைப் பார்த்து நின்றாள். அவர் எந்த மாடி என்று கேட்டார்.

"எந்த மாடியா இருந்தாலும் பரவால்ல சார்."

அவர் எங்களை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மேல் மாடிக்குக் கொண்டுபோய், திரும்பக் கீழே கொண்டுவந்து விட்டார். அந்த லிப்டின் பின்சுவரில் ஒரு கண்ணாடி பதித்திருந்தது. முகம் பார்க்க என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். "இல்லக்கா. சின்ன லிப்டுல சேரைத் திருப்ப முடியாது. ரிவர்ஸ்ல வெளிய வரணும். பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு அதுல பாக்கணும்" என்றாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: கண்ணாடி அவசியம்.

திருவள்ளூரில் ஒரு துணிக்கடையில் கண்ணாடி லிப்ட். உள்ளே நின்றால் தெருவே தெரியும். தீபாவளிக் கூட்டம். கதவின் அகலம் அவளுக்குப் போதும். ஆனால் பாதி நுழைந்தபோதே கதவு மூட வந்து சக்கரத்தில் இடித்துத் திறந்தது, மறுபடி மூட வந்தது. உள்ளே இருந்தவர்கள் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். பொத்தான்கள் அவள் தலைக்கு மேலே இருந்தன. யாரோ ஒரு பெண்மணி அமுக்கிவிட்டார். வெளியே வந்ததும் தங்கை சொன்னதை எழுதிக்கொண்டேன்: கதவு நிதானமாக மூட வேண்டும், பொத்தான் நாலடி உயரத்தைத் தாண்டக் கூடாது, லிப்டுக்கு வெளியே நாற்காலி திரும்ப ஐந்தடி இடம் காலியாக வேண்டும்.

மச்சான் வேலை செய்த பட்டறையில் சரக்கு லிப்ட். இழுத்து மூடும் இரும்புக் கதவு, சங்கிலி, மோட்டார் சத்தம். ஆட்கள் ஏறக் கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தது. அவள் ஏறவில்லை. "இதுல ஒரு டன்னு தூக்கறாங்க. நான் அம்பத்தெட்டுக் கிலோ. எனக்குத்தான் எடமில்ல" என்று மச்சானைப் பார்த்தாள். அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

எதையும் மறந்தாலும் அந்தக் கல்யாண மண்டபத்தை நான் மறக்க மாட்டேன். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். சாப்பாட்டுக் கூடம் மாடியில். மண்டபத்தில் லிப்ட் இருக்கிறது என்று போனில் விசாரித்துவிட்டுத்தான் போனோம். இருந்தது. சமையல்கூடத்தின் ஓரத்தில், இரண்டடிக்கு இரண்டடி. சாம்பார் அண்டாவும் சாதக் குண்டானும் மட்டும் போகும் லிப்ட். தங்கை அதன் முன்னால் நாற்காலியை நிறுத்தி, அட்டையை எடுத்து, அதன் வாயில் வைத்துப் பார்த்தாள்.

"ரிஜெக்ட்" என்றாள். பரிமாறுகிறவரைப் பார்த்து, "அண்ணே, சாம்பாருக்கு முட்டி வலியா?" என்று கேட்டாள்.

அவர் அவளுக்குக் கீழேயே ஓர் இலை போட்டார். பாயசம் மட்டும் லிப்டில் ஏறி, பிறகு அவளுக்காக இறங்கி வந்தது. அன்று நாங்கள் சிரித்ததைப் போல அந்த இரண்டு வருஷத்தில் சிரித்ததில்லை.

அதற்குள் வகைகள் எங்களுக்குப் பிடிபட்டிருந்தன. கம்பி வடத்தில் தொங்கி, மறுமுனையில் எடைக்கட்டோடு ஏறி இறங்குவது ஒரு வகை. உயரமான கட்டடங்களில் எல்லாம் அதுதான். அதற்குக் கீழே நாலைந்து அடிக் குழி வேண்டும். எங்கள் மனையில் நாலடி தோண்டினால் அது லிப்ட் குழியாக இருக்காது, கிணறாக இருக்கும். காற்றழுத்தத்தில் மேலே போகும் உருளை லிப்ட் பார்க்க அழகு, ஆனால் அட்டை உள்ளே போகாது. மரை சுற்றி ஏறும் மேடை லிப்ட் கச்சிதம். சுவர்களே கிடையாது, ஐந்தடி அகலத்துக்குள் அடங்கும். ஆனால் கப்பலில் வர நான்கு மாதம் ஆகும் என்றார்கள். தை போய்விடும். மிச்சமிருந்தது எண்ணெய் அழுத்தத்தில் ஏறும் ஹைட்ராலிக். ஓரடிக் குழி போதும். எண்ணெய்த் தொட்டியை முதல் மாடியில் வைத்துக்கொள்ளலாம், வெள்ளம் தொடாது. கரண்ட் போனால் ஒரு வால்வு திறந்து, லிப்ட் தானாகவே மெல்லக் கீழே இறங்கிவிடும். கரண்ட் போவதைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குத் தேவை குறைந்தது ஐந்தேகால் அடி அகலம். எங்களிடம் ஏழு இருந்தது.

இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கட்டட வேலை நடந்த நாட்களில் தங்கை ஒரு தடவைகூட மாடிக்குப் போகவில்லை. எப்படிப் போவாள்? படிக்கட்டுக்கு இன்னும் கைப்பிடிகூட வைக்கவில்லை. மச்சான் ஒவ்வொரு மாடியிலும் டேப் வைத்து, எண் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்புவார். லிப்ட் பாதையின் போட்டோ வந்தபோது ஏழு ஆறாகியிருந்தது. முதல் மாடியில் ஆறு. இரண்டாம் மாடியில் ஆறு.

"ஏன் ஆறு?" என்று தங்கை கேட்டதற்கு மாமனார் போனை வாங்கினார்.

"ஏழு ஆவாதும்மா. மனையடில ஏழு தரித்திரம். ஆறு நல்லது. எட்டு நல்லது. எட்டுக்கு எடமில்ல, ஆறாக்கிட்டேன்."

"லிப்டுக்குப் போய் மனையடி பாக்கறீங்களே மாமா. கார் வாங்கனா உள்ள எத்தினி அடின்னு பாப்பீங்களா?"

"கார் ரோட்ல ஓடுது. இது ஊட்டுக்குள்ள நிக்குது."

ஆறு என்றால் ஐந்தேகாலுக்கு மேல் முக்கால் அடி மிச்சம். அவள் ஒப்புக்கொண்டாள். போட்டோக்களை எனக்கும் அனுப்பினாள். நானும் பெரிதாக்கிப் பார்த்து, சரிதான் என்றேன். இருபது வருஷமாக அடுத்தவர் எழுதிய எண்களைச் சரிபார்ப்பது என் தொழில். இரண்டு எண்ணும் சரியாகவே இருந்தன.

ஹைட்ராலிக்குக்கு முன்பணம் கட்டினோம். மார்கழி தொடக்கத்தில் லிப்ட் கம்பெனியிலிருந்து அளவெடுக்க ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஸ்கூட்டரில் ஹெல்மெட், பையில் நாலு தூக்குக்குண்டு. மேஸ்திரி ஆந்திர எல்லையில் தடா பக்கத்துக்காரர், ஐம்பது வீடு கட்டியவர். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"டேப்பு வெச்சுப் பாரும்மா. ஆறுக்கு ஆறு. ஒரு நூலு கூடக் கொறையாது."

"பாக்கறேன் மேஸ்திரி" என்று அவள் மாடிக்குப் போனாள்.

நாங்கள் கீழே தூண்களுக்கு நடுவில் நின்றோம். கீழே சுவர் இன்னும் எழும்பவில்லை. அதனால் தங்கை தன் நாற்காலியை லிப்ட் பாதைக்கு நேர் அடியில் கொண்டுபோய் அண்ணாந்து பார்க்க முடிந்தது. மேலே ஒரு சதுர வானம். அதில் அந்தப் பெண்ணின் தலை தெரிந்தது. அவள் தூக்குக்குண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். இடது பக்கச் சுவரை ஒட்டி விட்ட நூல் முதல் மாடியில் சுவரில் பட்டு வளைந்து நின்றது. மறுபடி ஓர் அடி தள்ளி விட்டாள். இப்போது அது தடையில்லாமல் தங்கையின் மடிக்குப் பக்கத்தில் வந்து ஆடியது. வலது பக்க நூல் இரண்டாம் மாடிச் சுவரை ஒட்டி வந்தது. ஆனால் முதல் மாடியில் சுவர் அதைவிட ஓர் அடி அந்தப் பக்கம் இருந்தது.

தங்கை இரண்டு நூல்களையும் பிடித்து, நடுவில் டேப்பை நீட்டினாள். நான் குனிந்து எண்ணைப் பார்த்தேன். அவள் இரண்டாவது தடவை அளந்தாள்.

"அஞ்சு" என்றாள்.

"அஞ்சுதான் மேடம்" என்று மேலிருந்து குரல் வந்தது. "ஒவ்வொரு மாடியிலயும் ஆறு இருக்குது. ஆனா இந்த ஆறுக்கு மேல அந்த ஆறு இல்ல."

நடந்தது இதுதான். முதல் மாடியில் லிப்டுக்கு இடப்பக்கம் தங்கையின் படுக்கை அறை. வரைபடத்தில் ஒன்பது அடி. மனையடியில் ஒன்பது ஆகாது, பத்து ஆகும். எனவே மேஸ்திரி ஸ்லாபை ஓர் அடி நீட்டி, இடப்பக்கச் சுவரை லிப்ட் பாதைக்குள் தள்ளிக் கட்டினார். அறை பத்து, லிப்ட் ஆறு. இரண்டும் நல்ல எண். இரண்டாம் மாடியில் வலப்பக்கம் மாமியாரின் சமையல்கட்டு, ஏழடி. அங்கே வலப்பக்கச் சுவரைத் தள்ளினார். சமையல்கட்டு எட்டு, லிப்ட் ஆறு. எல்லா அறைக்கும் யோகம். வீட்டில் அளவு தெரிந்த ஒரே ஆள் அந்த இரண்டு மாடியையும் பார்க்க முடியாத ஆள். நான் இரண்டு போட்டோவையும் பார்த்தேன், ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கவில்லை.

மேஸ்திரி நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேஜாராப் போச்சே" என்று மட்டும் சொன்னார்.

அளவெடுத்த பெண் கீழே வந்து வேகமாகப் பேசினாள். "மூணு அங்குலம் கொறையுது. ரெண்டு சொவுத்துல ஒண்ணை எடுத்தா ஆறு வந்துரும், தாராளம். நீட்டுன ஸ்லாபுதானே, தூணு பீம் எதையும் தொட வேணாம். கட் பண்ணலாம். ஆனா பத்து நாளுக்குள்ள முடிக்கணும். இல்லாட்டி எங்க ஆளுங்க அடுத்த சைட்டுக்குப் போயிருவாங்க. அப்புறம் மாசி."

மாசி என்ற சொல்லைக் கேட்டதும் தங்கை டேப்பைச் சுருட்டி மடியில் வைத்தாள்.

"என் ரூம்ல எடுங்க. ஒம்போது அடி எனக்கு எதேஷ்டம்."

"வேணாம்" என்றார் மாமனார்.

"ஏன் மாமா? படுக்கறது நானு."

"வேணாம்னா வேணாம்."

"இன்னா காரணம், சொல்லுங்களேன்."

அவர் தோள் துண்டை எடுத்து மறுபடி அதே தோளில் போட்டார். "மீஞ்சூர் ஊட்ல உன் படுக்கற ரூமு எத்தினி அடி தெரியுமா? நீ ஆஸ்பத்திரில கெடந்தப்போ துணி எடுக்கப் போனேன். காலால அளந்தேன். ஒம்போது."

நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. இரண்டு வருஷமாக அந்த மனிதர் இந்த எண்ணை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். விபத்து நடந்தது நெடுஞ்சாலையில், லாரி பிரேக் பிடிக்காததால் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அது அவருக்கும் தெரியும் என்பது அவர் முகத்தில் இருந்தது.

தங்கைதான் பேசினாள். குரலைத் தாழ்த்தி, "மாமா, கீழ எறங்க முடியாத பத்தடி ரூமு எனக்கு எதுக்கு?" என்றாள்.

அப்போது மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் நாஷ்டா பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த மாமியார் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என் சமயக்கட்டு சொவுத்த இடிங்க."

"ஏழாவும்டி" என்றார் மாமனார்.

"ஏழு ஆவாதுன்னா ஆறாக்குங்க. இந்தப் பக்கம் ஓரடிக்கு அலமாரி கட்டு மேஸ்திரி, தரைலேந்து மேல வரைக்கும். மளிகை டப்பா வெக்க எடம் கேட்டுக்கினே இருக்கேன், எவன் காதுல வுயுது? உள்ள ஆறு வருதா இல்லியா?"

மேஸ்திரி கணக்குப் போட்டார். "வருது பெத்தம்மா."

"உனக்கு ஆறு நல்லதுதானே?" என்று கணவரைக் கேட்டார்.

"ஆறு நல்லதுதான்" என்றார் அவர். "நீ திரும்பறதுக்கு எடம்?"

"நாப்பது வருசமா திரும்பித் திரும்பி இன்னாத்த கண்டேன்? நேரா நின்னுக்கினு ஆக்கறேன்."

அளவெடுத்த பெண் சிரிப்பை அடக்க ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். தங்கை சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை. ஆனால் அவரே மேஸ்திரியின் சாக்பீஸை வாங்கிக்கொண்டு, இரண்டாம் மாடிக்கு ஏறிப் போய், இடிக்க வேண்டிய சுவரில் கோடு போட்டார்.

அடுத்த பத்து நாட்கள் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நான் அலுவலகத்திலிருந்து நாலு தடவை போன் செய்வேன். ஸ்லாபை அறுக்கும் மெஷின் வந்தது, பிளேடு உடைந்தது, புது பிளேடு வந்தது. சுவர் போனது. அறுத்த விளிம்பைப் பூசி முடித்த அன்று மேஸ்திரி தன் சொந்தத் தூக்குக்குண்டை மேலிருந்து விட்டுப் பார்த்தார். இரண்டு நூலுக்கும் நடுவில் ஆறடி. யாரும் கேட்காமலே அதை மூன்று பேருக்குப் போன் செய்து சொன்னார், எனக்கும் சேர்த்து. ஓரடிக் குழிக்குத் தண்ணீர் புகாத பூச்சு மூன்று கை. பொங்கல் முடிந்த மறுநாளே லிப்டைத் தூக்கும் ஜாக்கி லாரியில் வந்தது. வழவழவென்று ஓர் இரும்புத் தூண். அதைப் பார்க்கத் தெருவில் பத்துப் பேர் நின்றார்கள்.

லிப்ட் அறைக்குள் நிற்க ஆறு பேருக்கு இடம். நானூற்று எட்டு கிலோ தூக்கும். அதைச் சோதிக்க எட்டு சிமெண்ட் மூட்டையை ஏற்றி மேலே அனுப்பினார்கள். மூட்டைகள் அமைதியாகப் போய் அமைதியாக வந்தன. அடுத்தது கரண்ட் சோதனை. நடுவழியில் மெயினை நிறுத்தி, லிப்ட் தானாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

"மூட்டைய எறக்குங்க. நான் ஏறறேன்" என்றாள் தங்கை.

மச்சான் முகம் மாறியது. "இன்னைக்கு வேணாமே. டெஸ்டிங்கு."

"டெஸ்டிங்குன்னாதான் ஏறணும். ஊட்ல யாரும் இல்லாதப்போ கரண்ட் போனா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியணும். மூட்டைக்குத் தெரிஞ்சு இன்னா ஆவப் போவுது?"

அளவெடுத்த பெண்ணும் அன்று வந்திருந்தாள். அவள் தங்கையைப் பார்த்து, "உள்ள ஒரு செகண்டு இருட்டாகும் மேடம். அப்புறம் சின்ன லைட்டு எரியும். நீங்க எதையும் அமுக்க வேணாம்" என்றாள்.

மூட்டைகளை இறக்கியதும் அவளை லிப்டிலேயே முதல் மாடிக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்து அவள் கதவைப் பார்த்தபடி நாற்காலியைப் பின்னுக்கு உருட்டித் தனியாக உள்ளே போனாள். பின்சுவரில் கண்ணாடி. பொத்தான்கள் அவள் மார்பு உயரத்தில். கதவு நிதானமாக மூடியது. நாங்கள் படி வழியாகக் கீழே ஓடினோம். மச்சான் எனக்கு நாலு படி முன்னால். மோட்டார் இல்லாத ஒரு மெல்லிய சத்தம், எண்ணெய் நகரும் சத்தம், மேலிருந்து வந்துகொண்டிருந்தது. மெயின் ஸ்விட்சை ஒருவர் இறக்கினார்.

சத்தம் நின்றது.

மச்சான் கதவில் கை வைத்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. மாமனார் துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு விநாடி. எட்டு. பிறகு ஒரு சின்ன க்ளிக். எண்ணெய் திரும்பவும் நகரத் தொடங்கியது. மெதுவாக, மிகமிக மெதுவாக. கதவின் சின்னக் கண்ணாடித் துளையில் முதலில் அவள் செருப்புத் தெரிந்தது, பிறகு சக்கரம், பிறகு மடி. அவள் மடியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தரை மட்டத்துக்கு வந்து நின்றது. கதவு திறந்தது.

"கூப்ட்டேனே, ஏன் பதில் சொல்லல?" என்றார் மச்சான்.

"எண்ணிக்கினு இருந்தேன். இருட்டு ஒண்ணரை செகண்டு. எறங்க நாப்பத்தி ரெண்டு." அளவெடுத்த பெண்ணைப் பார்த்து, "பாஸ்" என்றாள்.

தை மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது அவள் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாளைப் பார்க்க நான் முந்தின நாளே புதுவாயல் போய்விட்டேன். காலையில் வீடே ஆறு மணிக்குத் தயார். மச்சான் சட்டை மாட்டிக்கொண்டு லிப்ட் வாசலில் நின்றார். மாமனார் அவருக்குப் பின்னால். மாமியார் சாப்பாட்டுப் பையோடு இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். தங்கை சாப்பாட்டுப் பையை வாங்கி நாற்காலிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டாள்.

"யாரும் கூட வராதீங்க" என்றாள்.

"கேட்டு வரைக்கும்" என்றார் மச்சான்.

"வேணாம்."

"கேட்டத் தொறக்கணுமே."

"ராத்திரியே தாப்பா போடாம விட்டுட்டேன். தள்ளனா தொறக்கும்."

ஆறு நாற்பத்து நாலுக்கு அவள் உள்ளே போனாள். கண்ணாடியில் எங்கள் நாலு பேரையும் ஒரு தடவை பார்த்தாள். கதவு மூடியது. நாங்கள் பால்கனிக்குப் போனோம். முதலில் யாரும் தெரியவில்லை. பிறகு தூண்களுக்கு நடுவிலிருந்து நாற்காலி வெளியே வந்தது. அவள் இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளி, கேட்டை முன்சக்கரத்தால் முட்டித் திறந்து, தெருவுக்குப் போய் நின்றாள். வேன் இன்னும் வரவில்லை. எதிர்ப் பக்கத்தில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைக் குறிப்பாகப் பார்க்கவில்லை. வேலைக்குப் போக நிற்கும் ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தார்கள். வேன் வந்தபோது மணி ஆறு ஐம்பத்திரண்டு.

"ரெண்டு நிமிசம் லேட்டு" என்று அவள் டிரைவரிடம் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது.